கடலுக்குக் கணக்கு எழுதும் கப்பல்

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது பெரியோர் வாக்கு. கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் எவருக்கும் இதன் பொருளை விரித்துக் கூற வேண்டுவதில்லை. ரொக்கப் புத்தகத்தையும் பேரேட்டையும் தவறாமல் எழுதி வரும் சங்கம், ஒரு வருஷம் மழை பொய்த்துத் தவணைகள் நின்றுபோனாலும், தன் நிலைமை இன்னதென்று அறிந்து அதற்கேற்ற ஏற்பாடு செய்துகொள்ளும். கணக்கில்லாத சங்கமோ நஷ்டம் வந்த பிறகே விழித்துக்கொள்ளும். அப்பொழுதும் அந்த நஷ்டம் எப்பொழுது தொடங்கிற்று, எதனால் விளைந்தது என்று அதற்குத் தெரியாது.

பணத்திற்கும் பயிருக்கும் கணக்கு எழுதலாம். கரை காணாத கடலுக்குக் கணக்கு எழுத முடியுமா என்று சிலர் கேட்கக்கூடும். முடியும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குக் கரையில், ஆரிகன் ராஜ்யத்தைச் சேர்ந்த நியூபோர்ட் என்னும் துறைமுகப் பட்டணத்திலிருந்து, 1996-ம் வருஷம் தொடங்கி 25 வருஷங்களுக்கு மேலாக, ஏறக்குறைய இரண்டு வாரத்திற்கு ஒருமுறை ஆராய்ச்சிக் கப்பல் ஒன்று கடலுக்குள் சென்று நீரையும் அதில் மிதக்கும் நுண்ணிய பிராணிகளையும் சோதித்து வந்திருக்கிறது. அந்தக் கணக்கு எவ்விதம் எழுதப்படுகிறது, அதனால் மீனவர்களுக்கு என்ன பயன், அதன் எல்லை எது என்பவை இங்கு விவரிக்கப்படுகின்றன.

ஸால்மன் மீனின் பயணம்

அக்கரையோர ஜனங்களின் ஜீவனத்தில் ஸால்மன் என்னும் மீனுக்கு முக்கியமான இடம் உண்டு. இம்மீன் ஆற்றில் பிறந்து, இளம் பிராயத்தில் கடலுக்குச் சென்று, அங்கே வளர்ந்து, முட்டையிடுவதற்காகத் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வரும். ஸால்மனில் கோஹோ என்ற இனம், வசந்த காலத்தில் கடல் புகுந்து, பெரும்பாலும் ஒன்றரை வருஷம் கழித்துத் திரும்பும். சினூக் என்ற இனம் கடலில் அதைவிட அதிக காலம் தங்கி, இரண்டு முதல் நான்கு வருஷங்களில் திரும்புவது வழக்கம்.

ஆற்றிலிருந்து கடலுக்கு வந்து சேரும் குஞ்சுகளுள் மிகப் பெரும்பாலானவை திரும்புவதில்லை. கடலில் கழிக்கும் முதல் சில மாதங்களே அவற்றுக்கு அபாயமான காலம். அக்காலத்தில் நல்ல இரை கிடைத்தால் அவை விரைவாகப் பருத்து, பெரிய மீன்களுக்கும் பறவைகளுக்கும் தப்பும், குளிர்காலத்தையும் தாங்கும். இரை குறைந்தால் மெலிந்து அழியும். ஆகையால் ஒரு வருஷத்துப் பிடிப்பு எவ்வளவு என்பது, மீனவன் வலை வீசும் நாளில் அன்று, ஒன்று இரண்டு வருஷங்களுக்கு முன்பே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. அந்தக் காலத்தில் கடல் எப்படி இருந்தது என்று எழுதி வைத்திருப்பவருக்கே பின்னால் வருவதை ஊகிக்க வழி உண்டு.

காற்று செய்யும் உழவு

கடலில் இரை பெருகுவதற்கும் காற்றுக்கும் உள்ள சம்பந்தம் கவனிக்கத்தக்கது. ஆரிகன் கரையோரத்தில் கோடைக்காலத்தில் வடக்கிலிருந்து தெற்கு நோக்கிக் காற்று வீசுகிறது. பூமி சுழல்வதால், அதன் வடபாதியில் காற்றினால் தள்ளப்படும் மேல்நீர் காற்றுப் போகும் திசைக்கு வலப்புறமாக ஒதுங்குகிறது. தெற்கு நோக்கிச் செல்பவருக்கு வலப்புறம் மேற்கு. அதாவது, அக்கரையிலிருந்து நடுக்கடலை நோக்கிய திசை. மேல்நீர் இவ்விதம் கரையை விட்டு விலகவே, அதன் இடத்தை நிரப்ப ஆழத்து நீர் மேலெழும்பி வருகிறது. அந்த நீர் கோடையிலும் ஸெண்டிகிரேட் 8 டிகிரி அளவுக்குக் குளிர்ந்திருக்கும்.

வயலில் ஆழ உழும்போது அடிமண் மேலே வருவதுபோல, இந்நீருடன் நைட்ரேட், பாஸ்பேட் முதலிய உரச்சத்துக்கள் மேலே வருகின்றன. சூரிய வெளிச்சம் படும் இடத்தில் அவை சேர்ந்தவுடன், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மிதவைத் தாவரங்கள் செழித்து வளருகின்றன. அத்தாவரங்களை மிதவைப் பிராணிகள் தின்கின்றன. அப்பிராணிகளைச் சிறு மீன்கள் தின்கின்றன. சிறு மீன்களை ஸால்மன் முதலிய பெரிய மீன்கள் தின்கின்றன. குளிர்காலத்தில் தெற்கிலிருந்து புயற்காற்று வீசும். அப்பொழுது மேல்நீர் கரையை நோக்கி ஒதுங்கும். நீரோட்டமும் தெற்கிலிருந்து வடக்கே திரும்பும்.

கப்பலில் நடக்கும் வேலை

இந்தச் சோதனைக்குப் பல வருஷங்கள் உபயோகப்பட்ட கப்பல் ஆரிகன் ராஜ்ய ஸர்வகலாசாலையைச் சேர்ந்த ‘எலாக்கா’ என்பது. அதன் நீளம் 54 அடியே. கடலில் வாழும் நீர்நாய்க்கு அப்பிரதேசத்துப் பழைய வியாபாரப் பாஷையில் வழங்கிய பெயரே அதற்கு இடப்பட்டது. கப்பல் துறைமுக முகத்துவாரத்தைக் கடந்து நேர் மேற்காகச் செல்லும். கரையிலிருந்து 1, 3, 5, 10, 15, 20, 25 கடல் மைல் தூரங்களில் குறித்த இடங்கள் உண்டு. ஒவ்வோரிடத்திலும் கப்பலை நிறுத்தி, ஒரே விதமான வேலைகளைச் செய்கிறார்கள்.

முதலாவது, நீரின் நிலையை அளத்தல். உப்பு, உஷ்ணம், ஆழம் ஆகிய மூன்றையும் ஒருங்கே அறியும் மின்சாரக் கருவி ஒன்றைக் கம்பியில் கட்டிக் கடலின் அடிக்கு அருகில் வரை இறக்குகிறார்கள். நீரில் எவ்வளவு மின்சாரம் பாய்கிறது என்பதைக் கொண்டு உப்பின் அளவும், நீரின் அழுத்தத்தைக் கொண்டு ஆழமும் கணிக்கப்படுகின்றன. கரைந்துள்ள பிராணவாயுவை அளக்கும் உறுப்பும் அதனுடன் சேர்க்கப்படுகிறது. கருவி இறங்கும்பொழுதே மேலிருந்து கீழ்வரை உள்ள நிலைமை முழுவதும் பதிவாகிவிடும்.

இரண்டாவது, நீரை எடுத்தல். வேண்டிய நீரை எடுத்து, உரச்சத்துக்களைச் சோதிப்பதற்காக ஒரு பகுதியைக் குளிரில் வைக்கிறார்கள். மற்றொரு பகுதியை மெல்லிய வடிதாளில் வடிகட்டி, அதில் தங்கும் பச்சையத்தை அளக்கிறார்கள். பச்சையத்தின் அளவே மிதவைத் தாவரங்களின் விளைவுக்கு அடையாளம்.

மூன்றாவது, மிதவைப் பிராணிகளைப் பிடித்தல். அரை மீட்டர் குறுக்களவுள்ள வளையத்தில் கூம்பு வடிவமான வலை கட்டப்பட்டிருக்கும். அதன் கண் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. மாவு சலிக்கும் மெல்லிய துணியைப் போன்றது. கூம்பின் நுனியில் ஒரு குப்பி உண்டு. நின்ற கப்பலிலிருந்து வலையை எடைக்கல்லுடன் அடிக்கு அருகில் வரை இறக்கி, மாறாத வேகத்தில் நேராக மேலே இழுக்கிறார்கள். வலை மேலே வந்ததும் வெளிப்புறத்திலிருந்து நீரைப் பீய்ச்சி அதைக் கழுவுவார்கள். உட்புறத்தில் நீர் பாய்ச்சினால் அந்த நீரில் உள்ள பிராணிகளும் கணக்கில் சேர்ந்துவிடும் அல்லவா? குப்பியில் சேர்ந்ததை ஜாடியில் ஊற்றிக் கெடாமலிருக்கப் பார்மலின் சேர்த்து, தேதி, இடம், ஆழம் ஆகியவை எழுதிய சீட்டையும் உடன் வைக்கிறார்கள். சீட்டில்லாத ஜாடி ரசீதில்லாத பணத்திற்குச் சமானம்.

இவையன்றி, சென்னாக்கூனியைப் போன்ற கிரில் என்னும் பிராணியைப் பிடிக்க வேறு வலை உண்டு. கிரில் பகலில் ஆழத்தில் ஒதுங்கி, இரவில் மேலே வரும் வழக்கமுடையது. ஆகவே அந்த வலையை இரவில் இழுத்தால்தான் உண்மையான அளவு தெரியும்.

எண்ணும் விதம்

ஜாடியில் உள்ளதை ஆராய்ச்சிசாலையில் பூதக்கண்ணாடியின் கீழ் எண்ணுகிறார்கள். ஆயிரக்கணக்கான பிராணிகள் அனைத்தையும் எண்ணுவது இயலாது. ஆகவே ஜாடியை நன்றாகக் கலக்கி, அளவிட்ட ஒரு சிறு பங்கை எடுத்து, அதில் உள்ளவற்றை இனம் இனமாகப் பிரித்து எண்ணுகிறார்கள். நெல் மூட்டையில் குத்தூசி போட்டு எடுத்த ஒரு பிடி நெல்லைக் கொண்டு மூட்டையின் தரத்தை மதிப்பதற்கு ஒப்பானது இது.

உதாரணமாக, ஜாடியில் நூற்றில் ஒரு பங்கில் 216 பிராணிகள் இருந்ததாக வைத்துக்கொண்டால், ஜாடி முழுவதிலும் 21,600 இருக்கும். வலையின் வாய்ப் பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர மீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. அது 55 மீட்டர், அதாவது இந்நாட்டு மீனவர் கணக்கில் சுமார் 30 பாகம், மேலே வந்தால் ஏறக்குறைய 10.8 கன மீட்டர் நீர் அதன் வழியே வடிந்திருக்கும். 21,600-ஐ 10.8-ஆல் வகுக்க, ஒரு கன மீட்டர் நீரில் 2,000 பிராணிகள் என்று கிடைக்கும். வடிந்த நீரின் அளவைச் சரிபார்ப்பதற்காக வலையின் வாயில் ஒரு சிறு சுழலியும் பொருத்துவது உண்டு.

ஒரு நாளைய எண்ணிக்கையினால் அதிகமாக ஒன்றும் விளங்காது. அதே இடம், அதே வலை, அதே வேகம், அதே முறையில் எண்ணுதல் என்று வருஷக்கணக்காக நடந்து வந்தால்தான், இந்த வருஷத்தை மற்ற வருஷங்களோடு ஒப்பிடலாம். படியை அடிக்கடி மாற்றும் கடையில் நெல்லின் அளவு எவ்விதம் விளங்கும்? புயலினால் கப்பல் செல்ல முடியாத வாரம் ஏட்டில் வெறுமையாகவே இருக்கும். அதை ஊகத்தினால் நிரப்புவது கணக்கன்று.

கொழுத்த இனமும் மெலிந்த இனமும்

வலையில் அகப்படுபவற்றுள் மிகுதியானவை கோபிபாட் என்னும் துடுப்புக்காலிகள். இவை இறால் குடும்பத்துக்குத் தூரத்து உறவு. பெரியவை அரிசி நொய் அளவும், சிறியவை கசகசா அளவும் இருக்கும். நியூபோர்ட் ஆராய்ச்சியைத் தொடங்கி, 2017-ல் காலமாகும் வரை நடத்தி வந்த வில்லியம் பீட்டர்ஸன் என்ற சாஸ்திரியும் அவருடைய துணைவர்களும், இப்பிராணிகளின் தொகையைவிட இனமே முக்கியமென்று எடுத்துக் காட்டினார்கள்.

துடுப்புக்காலிகளில் வடக்கேயுள்ள குளிர்ந்த கடலைச் சேர்ந்தவை ஒரு வகை. தெற்கிலும் நடுக்கடலிலும் உள்ள வெப்பமான நீரைச் சேர்ந்தவை மற்றொரு வகை. வடகடலில் குளிர்காலத்தில் இரை அரிது. ஆகவே அங்குள்ள முக்கியமான இனங்கள், களஞ்சியத்தில் தானியம் சேர்ப்பதுபோல, உடலில் கொழுப்பைச் சேர்த்து வைக்கின்றன. வெப்ப நீர் இனங்களுக்கு அந்த அவசியம் இல்லை. அவை பெரும்பாலும் சிறியவை, கொழுப்புக் குறைந்தவை. இளம் ஸால்மன் இந்தத் துடுப்புக்காலிகளை நேராகத் தின்பது சொற்பமே. ஆனால் அது தின்னும் சிறு மீன்களும் கிரிலும் துடுப்புக்காலிகளைத் தின்றே வளருகின்றன. அடியில் உள்ள தீனி சத்துள்ளதாயின் மேலே உள்ளவை யாவும் செழிக்கும். இதுவே அவர்கள் கூறும் காரணம்.

சாதாரணமாகக் குளிர்காலத்தில் வெப்ப இனங்களும், வசந்தத்தில் காற்று மாறியபின் குளிர் இனங்களும் நியூபோர்ட் கரைக்கு வரும். குளிர் இனங்கள் சீக்கிரம் வந்து நெடுநாள் தங்கிய வருஷங்களில் கடல் புகுந்த ஸால்மன் மிகுதியாகத் திரும்பியது என்றும், தாமதித்து வந்த வருஷங்களில் குறைவாகத் திரும்பியது என்றும் ஏட்டை ஒப்பிட்டபோது தெரியவந்தது.

2005-ம் வருஷமும் 2008-ம் வருஷமும்

2005-ல் வடகாற்று உரிய காலத்தில் நிலைக்கவில்லை. ஆரிகன் கரையில் ஆழத்து நீர் மேலெழும்புவது ஜூலை நடுவரை தாமதித்தது. வலையில் வெப்ப இனங்களே நெடுநாள் அகப்பட்டன. தெற்கே காலிபோர்னியா ராஜ்யத்தின் பெரலான் தீவுகளில், கிரிலைத் தின்று வாழும் ஒரு வகைக் கடற்பறவைகள் அவ்வருஷம் கூடுகளைக் கைவிட்டன. ஆறுகளிலிருந்து வந்த இளம் ஸால்மன்கள் இரையில்லாத கடலில் புகுந்தன. கரையில் நின்று பார்ப்பவருக்கோ கடல் எப்பொழுதும்போலவே இருந்தது.

நஷ்டம் பிறகு வெளியாயிற்று. காலிபோர்னியாவின் ஸாக்ரமெண்டோ ஆற்றுக்கு இலையுதிர் காலத்தில் 2002-ல் 7 லட்சத்துக்கு மேல் திரும்பிய சினூக் மீன்கள், 2007-ல் 1 லட்சத்துக்கும் குறைந்து, 2008-ல் சுமார் 66,000 ஆயின. அந்த ஆற்றில் குறைந்த பட்சம் 1,22,000 மீன்களாவது முட்டையிட வேண்டுமென்பது அதிகாரிகள் வகுத்திருந்த அளவு. ஆகையால் 2008-ல் காலிபோர்னியாக் கரை முழுவதிலும், நியூபோர்ட் அடங்கிய ஆரிகன் கரையின் பெரும்பகுதியிலும் ஸால்மன் பிடிக்கும் தொழில் நிறுத்தப்பட்டது. படகுகள் துறையில் கட்டிக் கிடந்தன. ஐஸ் வியாபாரிகளும் மீன் வாங்குவோரும் படகுக் கடன் கொடுத்தவர்களும் ஒருங்கே தவித்தார்கள். அமெரிக்க அரசாங்கம் 17 கோடி டாலர் நஷ்டநிவாரணம் ஒதுக்க நேர்ந்தது.

படகுகள் கட்டிக் கிடந்த அதே 2008-ல் நியூபோர்ட் வலை வேறு செய்தி கூறிற்று. அவ்வருஷம் கடல் மிகக் குளிர்ந்திருந்தது. கொழுத்த வடகடல் இனங்கள் ஏராளமாக அகப்பட்டன. அவ்வசந்தத்தில் கடல் புகுந்த கோஹோ மீன்கள் 2009-ல், பல வருஷங்களாகக் காணாத தொகையில் ஆரிகன் கரையோர ஆறுகளுக்குத் திரும்பின. கரையில் துயரம் மிகுந்திருந்தபோது கடலில் நல்ல காலம் தொடங்கியிருந்தது. அதைக் கண்ணால் கண்டவர் இல்லை, ஏடு கண்டது.

வெப்ப நீர் வந்த காலம்

2013-ம் வருஷக் கடைசியில் அலாஸ்காவுக்குத் தெற்கேயுள்ள கடலில் வழக்கத்துக்கு மீறிய வெப்ப நீர்ப் பரப்பு ஒன்று உண்டாயிற்று. 2014 செப்டம்பரில் அது ஆரிகன் கரையை அடைந்தது. அதுவரை அங்கே காணப்படாத சில துடுப்புக்காலி இனங்கள் வலையில் வந்தன. வசந்தத்தில் திரும்ப வேண்டிய குளிர் இனக் கூட்டம் 2015-லும் 2016-லும் வந்து நிலைக்கவே இல்லை. 2015-ல் விஷத்தன்மையுள்ள ஒரு மிதவைத் தாவரம் மேற்குக் கரை முழுவதும் பரவியது. அதன் விஷம் நண்டுகளில் ஏறியதனால் நண்டு பிடிக்கும் பருவத்தின் தொடக்கமும் தள்ளிவைக்கப்பட்டது. நீண்ட கால ஏடு இருந்தபடியால்தான், இது வருஷந்தோறும் நேரும் சிறு மாறுதல் அன்று, பெரிய விபரீதம் என்று உடனே தெளிவாயிற்று.

பிராணவாயுக் கணக்கும் பயன்பட்டது. 2002 கோடையில் அக்கரையின் அடிநீரில் பிராணவாயு மிகக் குறைந்து, நண்டுகள் மீனவர்களின் கூடுகளுக்குள்ளேயே செத்துக் கிடந்தன. 2006-ல் சிலவிடங்களில் அது அறவே இல்லாமற்போயிற்று. முன்னைய அளவுகளோடு ஒப்பிட்ட பிறகே அதன் கடுமை விளங்கிற்று.

கணக்கின் எல்லை

இந்த ஏட்டை ஜோஸியம் என்று எண்ணுவது தவறு. ஸாக்ரமெண்டோ மீன்களின் வீழ்ச்சியை 2009-ல் ஆராய்ந்த சாஸ்திரிகள், கடலின் நிலையே உடனடிக் காரணம் என்றனர். ஆயினும் ஆறுகள் நெடுங்காலமாகக் கெட்டுப்போனதும், பொரிப்பகங்களில் வளர்த்த மீன்களையே பெரிதும் நம்பியதும் அம்மீன் கூட்டத்தின் தாங்கும் சக்தியைக் குறைத்துவிட்டன என்றும் எடுத்துக் கூறினர். கடல் கெட்ட வருஷத்தை மனிதன் தடுக்க இயலாது. ஆற்றைச் செம்மையாக வைத்திருப்பதும், பிடிக்கும் அளவை வருவதற்கு ஏற்றபடி குறைப்பதும் அவன் கையில் உள்ளவை.

இதை மனத்திற்கொண்டு, நியூபோர்ட் ஆராய்ச்சியாளர் கடலின் உஷ்ணம், துடுப்புக்காலிகளின் இனம், இளம் ஸால்மன்களின் தொகை முதலிய பல அடையாளங்களை ஒரே அட்டவணையில் வைத்து, நல்லதற்குப் பச்சை, நடுத்தரத்திற்கு மஞ்சள், கெட்டதற்குச் சிவப்பு என்று நிறமிட்டு வெளியிட்டு வந்தார்கள். அடுத்த வருஷத்துக் கோஹோவையும் அதற்கடுத்த வருஷத்துச் சினூக்கையும் பற்றி, எழுத்தறிவு அதிகமில்லாதவரும் அதைப் பார்த்து ஒருவாறு அறியலாம்.

இந்நாட்டுச் சங்கங்களுக்கு

மிதவைப் பிராணிகளைக் கொண்டு மீன்வளத்தை அறியும் முயற்சி இந்நாட்டிற்குப் புதிதன்று. 1920-ம் வருஷத்தை அடுத்த சில வருஷங்களில், அக்காலச் சென்னை மாகாண மீன் இலாகாவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹார்னெல், ராமஸ்வாமி நாயுடு ஆகிய இருவரும் மலையாளக் கரையின் மத்தி மீனைப் பற்றி ஆராய்ந்து, அக்கடலின் மிதவை உயிர்களைப் பற்றிய குறிப்புக்களுடன் இலாகாவின் வெளியீட்டில் எழுதினார்கள்.

கருவியும் கப்பலும் சர்க்காரும் ஸர்வகலாசாலைகளும் செய்ய வேண்டியவை. ஆனால் ஏடு எழுதுவது மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் இயன்றதே. தேதி, சென்ற இடம், பாகக் கணக்கில் ஆழம், காற்றின் திசை, நீரின் நிறம், எந்த வலை, எத்தனை நேரம் இறக்கியது, என்ன மீன், எவ்வளவு எடை என்ற விவரங்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் பத்தி பிரித்து ஒரே விதமாக எழுதி வரலாம். மீன் ஒன்றும் அகப்படாத நாளையும் தவறாமல் எழுத வேண்டும். அகப்பட்ட நாட்களை மட்டும் எழுதினால் வரவை எழுதிச் செலவை மறைத்த கணக்காகும். விவசாயச் சங்கங்கள் மழையையும் கிணற்று நீர்மட்டத்தையும் இவ்வாறே குறிக்கலாம்.

முதல் வருஷத்தில் அந்த ஏட்டினால் பயன் எதுவும் தோன்றாது. இரண்டாம் வருஷத்திலும் அதிகம் தோன்றாது. நியூபோர்ட் ஏடும் அப்படித்தான் தொடங்கியது. விளைவு குன்றும் ஒரு வருஷம் வரும்பொழுது, பழைய ஏடுகளைப் புரட்டி ஒப்பிட்டுப் பார்க்கக் கூடிய சங்கம், கடன் தவணையை எப்பொழுது தள்ளி வைப்பது, புது வலைக்குப் பணம் கொடுப்பதை எப்பொழுது நிறுத்துவது என்பவற்றை அங்கத்தினர்கள் கூடிய கூட்டத்தில் ஆதாரத்துடன் தீர்மானிக்கலாம்.